ரேகை குடிபோன கைப்பிடிகள்

கொடிமரத்துறையில் ஆட்களின் உள்ளங்கை ரேகைகள் கையை விட்டு இறங்கித் தூண்டில் கைப்பிடிகளுக்குக் குடிபோனது, சம்மனசு என்கிற தேவதூதர் கோயில் திருவிழாக் கொடி இறக்கிய ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை. அன்றைக்குக் காலையில் கொண்டல் காற்று லேசாக அடித்ததையும், உடைந்த பாலத்தடியில் கிழங்கான் மீன் விடாமல் கடித்ததையும், ஐஸ் பேக்டரியின் சங்கு ஐந்து நிமிடம் பிந்தி ஊதியதையும் ஊரில் எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். ரேகை ஏன் போனது என்பதை மட்டும் யாரும் அவ்வளவாக யோசிக்கவில்லை. போனது போய்விட்டது, போன இடமும் கண்ணுக்குத் தெரிகிறது, பிறகென்ன என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் கைப்பிடிகள் அத்தனையும் அமலோற்பவம் செய்தவை. ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கடைசல் மெஷின் போட்டிருந்தாள். வயது நாற்பத்தொன்பது, கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, அதைப் பற்றி யாராவது கேட்டால் மெஷினை ஓடவிட்டுவிடுவாள், சத்தத்தில் கேள்வி காதில் விழாது. முதலில் பூரிக்கட்டையும் தொட்டில் கம்பும்தான் கடைந்துகொண்டிருந்தாள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் பிடி உடைந்த தூண்டிலைக் கொண்டுவந்து இதைச் சரிபண்ண முடியுமா என்று கேட்டார். கடையில் வாங்குகிற பிடி எல்லாக் கைக்கும் ஒரே அளவு என்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள். எல்லாக் கைக்கும் ஒரே அளவு என்றால் எந்தக் கைக்கும் அது அளவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதிலிருந்து வேறு வேலை செய்யவில்லை.

கைப்பிடி கேட்டு வருகிறவர் கையில் முதலில் சப்பாத்தி மாவு உருண்டையைக் கொடுத்து, மீன் கடித்தமாதிரி நினைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள். அந்த அச்சைப் பார்த்து, எந்த விரல் பலம், எந்த விரல் சோம்பல், சுண்டுவிரல் எங்கே போய் முடிகிறது என்று குறித்துக்கொள்வாள். பிறகு வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரும் தக்கை வளையங்களில் ஓட்டை குறைந்தவையாகப் பொறுக்கி, ஒரு இரும்புக் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துப் பசை தடவி, இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு இறுக்கி ஒருநாள் முழுக்க வைப்பாள். கீழ்ப்பக்கத்துக்குப் பூவரசங்கட்டை, பாரம் வேண்டுமென்கிறவர்களுக்குப் பனை வைரம். இறுகியதை மெஷினில் மாட்டிக் கடைந்து, அரத்தால் இழைத்து, தக்கையில் இருக்கும் சின்னப் பள்ளங்களைத் தக்கைத் தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, முரட்டு உப்புத்தாள், நடு உப்புத்தாள், நைசு உப்புத்தாள் என்று மூன்று தாளையும் வெறும் விரலில் சுற்றிக்கொண்டு தேய்ப்பாள், தேய்ப்பாள், மத்தியானச் சோறு மறந்து தேய்ப்பாள். கையுறை போட்டால் மேடு பள்ளம் தெரியாது என்பாள். கடைசியில் அந்த ஆளை வரவழைத்துக் கையில் கொடுக்கும்போது, முகத்தில் ஒரு ஆசுவாசம் வரும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவருக்கு உட்கார இடம் கிடைத்தமாதிரி. அது வராவிட்டால் பிடியைத் திருப்பி வாங்கி மறுபடியும் தேய்ப்பாள்.

அந்தப் புதன்கிழமை முதலில் வந்தவர் தொம்மை. உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர், பாலத்தடியில் தினமும் தூண்டில் போடுகிறவர். வலது உள்ளங்கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். உரித்த முட்டைபோல மழமழவென்று இருந்தது.

"அமலோற்பவம், இத என்னான்னு பாரு."

"கழுவிப் பாத்தியளா?"

"கழுவாம இருப்பனா? மூணு தடவ சோப்பு போட்டேன். வீட்டுக்காரி புளி போட்டும் தேச்சுப் பாத்துட்டா."

அமலோற்பவம் அவருடைய தூண்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். தக்கைப் பிடியில், உள்ளங்கை படுகிற இடத்தில், ஆயுள் ரேகையும் புத்தி ரேகையும் அதன் கிளைகளும், விரல் படுகிற இடங்களில் சுழிசுழியாக ஐந்து விரல் ரேகையும், பென்சிலால் வரைந்ததுபோல நுணுக்கமாக இருந்தன.

"எல்லாம் இந்தா இருக்கு அண்ணாச்சி. ஒண்ணும் தொலையல."

தொம்மை கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "ஆமா. என்னோடதுதான். இந்த வெட்டு, பதினெட்டு வயசுல மம்பட்டி பட்டது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மீன் கடிக்கிறதுக்கு ஒண்ணும் பாதகம் வராதே?" என்று கேட்டார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அப்ப சரி," என்று சொல்லி அவர் பாலத்துக்குப் போனார்.

பொழுது சாய்வதற்குள் அவள் கைப்பிடி வைத்திருந்த நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் அப்படியே ஆகிவிட்டது. கொடிமரத்துறை அதற்கு ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. ரேஷன் கடையில் மெஷினில் விரல் வைக்க வேண்டிய இடத்தில் தூண்டிலைச் சாய்த்துப் பிடியை வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, அரிசி போட்டார்கள். வரிசையில் தூண்டில் முனை பின்னால் நிற்பவர் கண்ணில் குத்தியதால் முனைக்கு ஒரு தக்கை செருகிவிட்டுத்தான் வர வேண்டும் என்று கடைக்காரர் சிலேட்டில் எழுதி மாட்டினார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு மெஷினுக்காகத் தமிழ் வாத்தியார் தினமும் தூண்டிலோடு போனார். ஒருநாள் தூண்டிலை மட்டும் சக ஆசிரியரிடம் கொடுத்தனுப்பிவிட்டு அவர் பாலத்தில் உட்கார்ந்திருந்ததை, பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர் கண்டும் காணாமல் விட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தூண்டிலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பங்குச்சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், தூண்டில்களைக் கோயிலுக்கு உள்ளே கொண்டுவர வேண்டாம், வெளியே வேப்பமரத்தில் சாத்தி வைக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

கை வெறுமையானதில் ஜனங்களுக்கு வருத்தம் அதிகமில்லை. ஆயுள் கம்மி என்று பயந்துகொண்டிருந்த இரண்டு பேர் ரேகை இப்போது தக்கையில்தானே இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பிச்சம்மாளுக்கு வீடு அமையாது என்று சின்ன வயதில் யாரோ கை பார்த்துச் சொல்லியிருந்தார்கள். அவள் தன் மழமழத்த கையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, மறு மாதமே சுவர் எழுப்ப ஆரம்பித்தாள்.

நஷ்டம் ஒரே ஒருத்தருக்குத்தான். பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷமாகக் குடை விரித்து உட்கார்ந்திருந்த ரேகை ஜோசியர் கோமதிநாயகம். மெலிந்த ஆள், ஐம்பத்திரண்டு வயது, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், மனைவி இறந்து பல வருஷம் ஆயிற்று. பத்து நாள் பொறுத்துப் பார்த்தார், யாரும் கை நீட்டவில்லை. பதினோராம் நாள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"உங்ககிட்ட சண்ட போடத்தான் வந்தேன்," என்றார்.

"இருங்க, இத முடிச்சிருதேன்," என்று அமலோற்பவம் மெஷினை நிறுத்தாமல் சொன்னாள். அது முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பழுது பார்க்க வந்திருந்த கைப்பிடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவள் டீ போட்டுக் கொண்டுவந்தபோது அவர் சண்டையை மறந்திருந்தார்.

"கையில பாக்கதவிட இதுல தெளிவா இருக்கு. அழுக்கு இல்ல, காய்ப்பு இல்ல, கைய இழுத்துக்கிடவும் மாட்டாவ."

"அப்ப இங்கயே உக்காந்து பாருங்க. ஸ்டூல் சும்மாதான் கெடக்கு."

அப்படியே அவர் குடை பஸ் ஸ்டாண்டிலிருந்து கொட்டகைக்கு மாறியது. கைப்பிடி சரிபார்க்க வருகிறவர்கள் அதே கையோடு பலனும் கேட்டுப் போனார்கள். அவள் தேய்ப்பாள், அவர் பார்ப்பார், நாலு மணிக்கு டீ. அவர் சைவம் என்பதால் அவள் மத்தியானக் குழம்பில் மீன் போடாத ஒரு கிண்ணத்தைத் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தாள். அதைக் கவனித்த அவர், சாப்பிட்டதும் கிண்ணத்தைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

தை மாதம் நோட்டீஸ் வந்தது. ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் புது ரோடு போடப்போகிறார்கள், கொட்டகைகளைக் காலி செய்ய வேண்டும், பதிலுக்குக் கடற்கரை வெளிச்சக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு மனை உண்டு. ஆனால் உரியவர் நேரில் வந்து விரல் வைத்தால்தான் உண்டு. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை கெடு.

அமலோற்பவம் முதல் நாளே போனாள். அலுவலகத்தில் நிறைமதி என்று ஒரு இளவயது அதிகாரி இருந்தாள், மரியாதையான பெண். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். அமலோற்பவம் வலது கட்டைவிரலை வைத்தாள், சிவப்பு விளக்கு. இடது கட்டைவிரல், சிவப்பு. பத்து விரலும் வைத்தாள், பத்துக்கும் சிவப்பு.

மற்றவர்களுக்கு ரேகை போனது புதன்கிழமை. அவளுக்கு அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே போய்விட்டது. பதினாறு வருஷ உப்புத்தாள் பத்து விரலையும் கண்ணாடிபோல ஆக்கியிருந்தது. அவளுக்கென்று தூண்டில் கிடையாது, மீன் பிடிக்கிற பொறுமை தனக்கு இல்லை என்பாள், ஆகவே கொண்டுபோய் வைக்க ஒரு கைப்பிடியும் கிடையாது.

"உங்க தூண்டில எடுத்துட்டு வந்திருங்கம்மா," என்றாள் நிறைமதி.

"எனக்குத் தூண்டில் இல்ல தாயி. நான் செய்யுற ஆளு."

நிறைமதி திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "கண்ண வச்சுப் பாக்குற மெஷின் ரிப்பேருக்குப் போயி எட்டு மாசம் ஆச்சு. எனக்கு உங்களத் தெரியும்மா, எங்க அப்பாவுக்கு நீங்கதான் பிடி செஞ்சு குடுத்தீங்க. ஆனா மெஷினுக்கு உங்களத் தெரியணும். முன்னால நீங்க பதிஞ்ச ரேகையோட இது ஒண்ணும் சேரல."

திரும்பி வந்தவள் அன்றைக்கு மெஷினை ஓட்டவில்லை. கோமதிநாயகத்திடம் விஷயத்தைச் சொன்னாள். நாகர்கோவிலில் தங்கச்சி இருக்கிறாள், வந்துவிடு என்று ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள், போய்விட வேண்டியதுதான் என்றாள். சொல்லிவிட்டு மூன்று உப்புத்தாளையும் ஒழுங்காக மடித்து வைத்தாள். அவள் அவற்றை மடித்துவைத்து அவர் பார்த்ததேயில்லை. நாலு மணிக்கு டீ வந்தது, ஆனால் சர்க்கரை இல்லாமல் வந்தது, அவர் அதை அப்படியே குடித்தார்.

அன்றைக்கு அவர் கையில் இருந்தது தொம்மையின் தூண்டில். கோமதிநாயகத்துக்கு ஆட்களின் முகம் மறக்கும், கை மறக்காது. தொம்மையின் கையை இருபது வருஷத்தில் ஏழெட்டு தடவை பார்த்திருக்கிறார். கட்டைவிரல் அழுந்துகிற இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன வளைவு, நகக்கண் அளவுகூட இல்லை, அது தொம்மையின் கையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அடுத்த தூண்டிலை எடுத்தார். அதிலும் ஒன்று, வேறு வளைவு. மூன்றாவதிலும் இருந்தது. இவையெல்லாம் ஒருத்தரும் உரிமை கொண்டாடாத ரேகைகள், ஆனால் ஒரே கையிலிருந்து வந்தவை, ஒரே அகலம், ஒரே சாய்வு. அவர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

"என்ன ஜோசியரே, எறும்பு கடிக்கா?"

"ஒண்ணுமில்ல. செத்த வெளிய போயிட்டு வாரேன்."

அந்த வாரம் முழுக்க அவர் கொட்டகைக்கு வரவில்லை. ஒரு கத்தை எண்ணெய்த்தாளும் கூர் சீவிய பென்சிலும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார், பாலத்தடிக்குப் போனார், பள்ளிக்கூடத்துக்குப் போனார், ஒவ்வொரு கைப்பிடியிலும் அந்த அந்நிய ரேகையைத் தேடித் தாளில் ஒற்றி எடுத்தார், அது இருந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். கேட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொன்னார்கள். எல்லாத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலில் தூக்கிப் பிடித்தபோது, ஒரு பெண்ணின் வலது கட்டைவிரல், நடுவில் ஒரு சங்குச் சுழியோடு, முழுசாகத் தெரிந்தது.

கெடு வெள்ளிக்கிழமை காலையில் அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அமலோற்பவம் தட்டுமுட்டுச் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆபீசு வரைக்கும் வரணும்."

"எதுக்கு? மறுபடியும் செவப்பு லைட்டு பாக்கதுக்கா?"

"வாங்க. நானா ஒரு தடவகூட உங்கள ஒண்ணும் கேட்டதில்ல."

அவள் வந்தாள். அலுவலக வாசலில் தொடங்கி, பெட்டிக்கடை தாண்டி, கோயில் மதில் தாண்டி, மீன் ஏலக்கூடம் வரைக்கும் தூண்டில்கள் நாணல்போல நின்றன, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஆள். தொம்மை இருந்தார், தமிழ் வாத்தியாரும் தலைமையாசிரியரும் இருந்தார்கள், சுவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரச் சேலையோடு பிச்சம்மாள் இருந்தாள், மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன கப்ரியேலின் தூண்டிலை அவன் மனைவி தூக்கிக்கொண்டு நின்றாள், வேப்பமரத்தடியில் சாமியார்கூடத் தன் தூண்டிலோடு நின்றார், அவர் மீன் பிடிப்பார் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

கோமதிநாயகம் எண்ணெய்த்தாள்களை மேசையில் வைத்து நிறைமதியிடம் விளக்கினார். அவள் ஒரு தடவை கேட்டுக்கொண்டாள், மறுபடி விளக்கச் சொல்லவில்லை. "ஒவ்வொருத்தரா வாங்க. புள்ளி வச்ச எடத்த மட்டும் கண்ணாடியில வையுங்க," என்றாள்.

தொம்மை வைத்தார். மெஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "மீண்டும் விரலை வைக்கவும்" என்றது. திரையில் வெற்றுக் கட்டத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கோடு விழுந்திருந்தது. அடுத்தவர் வைத்தார், இன்னொரு கோடு. மீண்டும் விரலை வைக்கவும், மீண்டும் விரலை வைக்கவும் என்று அந்தக் குரல் அலுக்காமல் சொல்லிக்கொண்டேயிருந்தது, வரிசை நகர்ந்துகொண்டேயிருந்தது, யாரோ பெரிய அடுக்குப் பாத்திரத்தில் மோர் கொண்டுவந்தார்கள், வெயில் ஜன்னலிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து தரைக்கும் நகர்ந்தது. திரையில் கோடுகள் வளைந்தன, வளைவுகள் சேர்ந்தன, சேர்ந்தவை சுழிந்தன. அமலோற்பவம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் உப்புத்தாள் தின்றுவிட்டது என்று அவள் நினைத்திருந்தது ஒவ்வொருவர் கையிலிருந்தும் வந்தது. இது கப்ரியேலுக்குச் செய்தது, மழைக்காலம், பசை இறுக மூன்று நாள் பிடித்தது. இது சாமியாருக்கு, இடதுகைக்காரர், இரண்டு தடவை திருப்பிக் கடைந்தது. ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது.

நூற்றுப் பதினெட்டாவது கைப்பிடி வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. "நன்றி" என்றது மெஷின். திரையில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், பதினேழு வருஷத்துக்கு முன்னால் எடுத்த, கன்னம் ஒட்டாத அமலோற்பவத்தின் படம் வந்தது.

கூட்டம் கத்திய சத்தத்தில் ஏலக்கூடத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. ஆனால் அதோடு முடியவில்லை. மீதி இருபத்தைந்து பேர், காலையிலிருந்து வெயிலில் நின்றிருக்கிறோம், எங்கள் கைப்பிடி என்ன மட்டமா என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். நிறைமதி சிரித்துக்கொண்டே அவர்களையும் ஒவ்வொருவராக வைக்கச் சொன்னாள். இருபத்தைந்து தடவையும் மெஷின் நன்றி சொன்னது.

வெளியே வந்ததும் தொம்மை தன் தூண்டிலை அவள் முன்னால் நீட்டினார். "இது ஒன்னோடது, எனக்கு எதுக்கு? சொரண்டி எடுத்துக்கோ. ஜோசியரு ஒட்டிக் குடுத்தா ஒட்டிக்கிடும்."

"எல்லாரும் குடுத்துருவோம்," என்றாள் பிச்சம்மாள்.

அமலோற்பவம் அந்தக் கைப்பிடியைக் கையில் வாங்கி, விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"சொரண்டுனா பிடி கெட்டுப்போகும் அண்ணாச்சி," என்றாள். "அங்கயே இருக்கட்டும். எனக்கு என்ன, போற எடமெல்லாம் நான்தான் இருக்கேன்."

திங்கட்கிழமை கொட்டகையைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். பிரிப்பானேன் என்று ஏலக்கூடத்துச் சுமைக்காரர் ஒருவர் கேட்டார், மற்றவர்கள் உடனே கழி எடுக்கப் போனார்கள். நாலு கால்களுக்கும் அடியில் படகு தள்ளுகிற கழிகளைச் செருகினார்கள், பக்கத்துக்கு நாற்பது பேராகத் தோள் கொடுத்தார்கள். அமலோற்பவம் உள்ளேயே இருந்தாள், நிறைமதி கேட்ட கைப்பிடி ஒன்றின் பசை அப்போதுதான் பிடித்துக்கொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு வர முடியாது என்றாள். ஐலசா போட்டுத் தூக்கினார்கள். கொட்டகை ஒரு தடவை முனகிவிட்டு, மெஷினோடும் ஸ்டூலோடும் அவளோடும் எழும்பியது.

இத்தனை வருஷமும் அந்தக் கொட்டகையின் ஜன்னலில் ஐஸ் பேக்டரிச் சுவர் மட்டும்தான் தெரியும். இப்போது சுவர் மெல்ல நகர்ந்து போனது. பெட்டிக்கடை வந்தது, வாழைப்பழத் தார் கைக்கெட்டும் தூரத்தில் போனது, பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் வணக்கம் சொன்னார்கள், பிச்சம்மாளின் பாதி எழும்பிய சுவர் வந்தது, கோயில் வந்தது, பாலம் வந்தது, பிறகு ஜன்னல் நிறையக் கடல் வந்தது. அவள் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேய்க்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கோமதிநாயகம் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

"ஜோசியரே, நீங்க தோள் குடுக்கலியா?"

"நான் வழி சொல்லிக்கிட்டு வாரேன்."

"கோபுரம் எதிர நிக்கி. இதுக்கு என்ன வழி சொல்ல?"

"நேரா போங்கன்னு சொன்னேன். நேரா போறாவ பாருங்க," என்றார் அவர். "முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் நான் சொன்னது ஒரு எழுத்து பிசகாம அப்படியே பலிக்கு."